சீக்கிரம் வேலை முடிக்கச் சில இலவச வழிகள்

1

“சார், என் வேலை முடிஞ்சிடுச்சு. நான் வீட்டுக்குப் போகலாமா?”

(சரியில்லை. ‘போகலாமா’ என்று இவள் கேட்கிற ரகமில்லை. திருத்துகிறேன்.)

“சார், என் வேலை முடிஞ்சிடுச்சு. நான் வீட்டுக்குப் போறேன்.”

இதை மட்டும் வாயைத் திறந்து சொல்லிவிடாதே என்று அவளுக்கு ஏற்கெனவே புத்தி சொல்லியிருந்தார்கள். சொல்லிவிட்டாள்.

மேற்கொண்டு படிக்குமுன் உங்களுக்கு ஒன்று தெரியவேண்டும். நான் எழுத உட்கார்ந்தது கதையே இல்லை. மேசைக் கணினி வைத்திருப்பவர்களுக்கு உதவும் குறிப்புகள், இலவச மென்பொருள்கள் பற்றி ஒரு கட்டுரை கேட்டிருந்தார்கள். ‘நூற்றுக்கணக்கான கோப்புகளுக்கு ஒரே தட்டில் பெயர் மாற்றுவது எப்படி?’ என்று முதல் குறிப்பைத் தொடங்கினேன். அடுத்த வரிக்குப் போகவிடாமல் இவள் குறுக்கே வந்து நின்றுகொண்டாள். நகரச் சொன்னேன். நகர்கிற ஜாதியில்லை.

2

அவள் வேலை பார்த்த இடத்தில், அடுத்தவர் அலுவலகங்களின் பழைய காகிதங்களைப் பெட்டி பெட்டியாக வாங்கி ஸ்கேன் செய்து கொடுப்பார்கள். ஸ்கேனர் தன் இஷ்டத்துக்கு ஒரு பெயரை வைத்துத் தள்ளிவிடும். ஒவ்வொரு பக்கத்துக்கும் பெட்டி எண், பக்க எண் சேர்த்துக் கையால் தட்டிப் பெயர் மாற்றவேண்டும். அதற்கென்று இரண்டு பேர்: அவளும், பக்கத்து மேசை அக்காவும்.

அவள் குடும்பத்தில் முதன்முதலாகப் பட்டம் வாங்கியவள் அவள்தான். வாங்கிவிட்டு நாள் முழுக்க எண் தட்டுவதற்கா அவள் அப்பா—

(இந்த வாக்கியத்தை இப்படியே விடுகிறேன். முடித்தால் நீங்கள் பரிதாபப்படுவீர்கள். அவளுக்குப் பிடிக்காது.)

ஒருநாள் எரிச்சல் தாங்காமல் இணையத்தில் தேடி ஓர் இலவச மென்பொருளை இறக்கினாள். பெட்டி எண்ணைக் கொடுத்து, ஒன்றிலிருந்து வரிசையாகப் போடு என்று சொல்லி, ஒரு தட்டு. மதியச் சாப்பாட்டுக்கு முன்பே அன்றைய வேலை காலி. அக்காவுக்கும் ஆதியோடந்தமாகக் கற்றுக்கொடுத்தாள்.

அக்கா பார்த்தாள், சிரித்தாள், உடனே முதலாளியின் அறைக் கதவைப் பார்த்தாள். முடிந்தது என்று மட்டும் மூச்சு விடாதே, தட்டுகிற மாதிரி உட்கார்ந்திரு என்றாள். சொன்னதோடு நிற்காமல், சாயங்காலம் வரை வெற்றுப் பக்கத்தில் எதையோ தட்டிக்கொண்டே இருந்தாள். இந்த நடிப்பைப் பார்க்கப் பார்க்க இவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அடுத்த நாள் மதியம் எழுந்துபோய்ச் சொன்னதுதான் மேலே நீங்கள் படித்தது.

3

முதலாளியை என்ன செய்வதென்று எனக்கு ரொம்ப நேரம் தெரியவில்லை. முதலில் அவருக்கு ஒரு முரட்டு மீசை வைத்துக் கத்தவிட்டேன். அந்த வரிகளை அடித்துவிட்டேன். அவர் கத்தவில்லை. சந்தோஷப்பட்டார். வினையே அதுதான்.

அவள் மேசைக்கே வந்து, நாற்காலியை இழுத்துப்போட்டு, செய்துகாட்டச் சொல்லி வாய் பிளந்து பார்த்தார். வீட்டுக்குப் போகிற பேச்சு எங்கே போனதென்றே தெரியவில்லை.

“இவ்வளவுதானா? அப்ப ரெண்டு பேர் எதுக்கும்மா?”

பக்கத்து மேசையில் தட்டுகிற சத்தம் நின்றது.

அவளுக்கு அப்போதுதான் உறைத்தது. திரும்பிப் பார்த்தாள். அக்கா முகத்தைத் திருப்பாமலே முணுமுணுத்தாள்.

“படிச்ச பொண்ணாச்சே, புரிஞ்சுக்குவேன்னு நெனச்சேன்.”

முதலாளி பாட்டுக்குப் பேசிக்கொண்டிருந்தார். அக்கா மாதக் கடைசியோடு நின்றுகொள்ளட்டும், இரண்டு மேசையையும் நீயே பார்த்துக்கொள், உனக்கும் நல்லதுதானே என்றார். ஏதோ ஒரு பெட்டி எண்ணைச் சொல்லுகிற தொனியில்தான் சொன்னார்.

“முடியாது சார். நாளைலேருந்து நான் வரல.”

“நீ வரலைன்னா என்ன? ஒரு பட்டன்தானே. நானே அமுக்கிக்கிறேன்.”

அமுக்கினார்.

[கட்டுரைக்கு வைத்திருந்த குறிப்பு, இங்கே பயன்படட்டும்: பொத்தானை அமுக்குமுன் எந்தக் கோப்புறை தேர்வாகியிருக்கிறது என்று பாருங்கள். அவர் தேர்வு செய்திருந்தது அலுவலகக் கணினியின் மொத்த வட்டையும்.]

முடித்துக் கொடுக்கவேண்டிய வேலைகள், கடிதங்கள், வரிக் கணக்கு எல்லாவற்றுக்கும் ஒரே பெட்டி எண், வரிசையாகப் பக்க எண். நீச்சல் போட்டியில் பரிசு வாங்குகிற படத்திலிருந்த அவர் மகளும் ஏதோ ஒரு பக்கமாகிப் போனாள்.

4

முடிவு அ: அவள் சரிசெய்கிறாள். முதலாளி கண்கலங்கி, இருவருக்கும் சம்பளம் கூட்டுகிறார். (எழுதிப் பார்த்தேன். எனக்கே கூசியது.)

முடிவு ஆ: சரிசெய்யவே முடியவில்லை. கடையை மூடுகிறார்கள். (அக்காவும் தெருவுக்கு வருவாள். எனக்குக் கைதட்டல், அவளுக்குப் பட்டினி. வேண்டாம்.)

நடந்தது இது. அந்த மென்பொருளில், செய்ததைத் திரும்பப் பெற ஒரு பொத்தான் உண்டு. மூடாதவரை பழைய பெயரெல்லாம் அதற்கு நினைவிருக்கும். மூடினால் போச்சு. பதறிப்போன முதலாளியின் சுட்டி, மூடுகிற பெருக்கல் குறியை நோக்கித்தான் போய்க்கொண்டிருந்தது.

“சார், கைய எடுங்க.”

எடுத்தார். இதைச் சரிபண்ண முடியுமா என்று கேட்டார்.

“அக்காவுக்குத் தெரியும்” என்று சொல்லிவிட்டு அவள் எழுந்து நாற்காலியை அக்கா பக்கம் திருப்பி வைத்தாள்.

அக்கா வந்து உட்கார்ந்தாள். சுட்டியைச் சரியான பொத்தானுக்குக் கொண்டுபோனாள். அமுக்கவில்லை. நிதானமாக முதலாளியை நிமிர்ந்து பார்த்தாள்.

“மாசக் கடைசின்னு ஏதோ சொன்னீங்களே சார்.”

அவர் என்ன பதில் சொன்னார், அக்கா எப்போது அமுக்கினாள் என்பதையெல்லாம் நீங்களே எழுதிக்கொள்ளுங்கள். எனக்குத் தெரியாது. நான் வேலையை விட்டவளின் பின்னாலேயே போகிறவள். அவளோ பதிலுக்காக நிற்கவில்லை. வீட்டில் என்ன சொல்லப்போகிறாள் என்று கேட்டேன், அது என் பாடு என்றாள். பையைத் தோளில் மாட்டினாள். கதவைச் சாத்தாமலே இறங்கிப் போய்க்கொண்டிருக்கிறாள்.