வீரம்மாவுக்கு முளைத்த மீசை

மஸ்கெலியாவுக்குப் பக்கத்துத் தேயிலைத் தோட்டத்தில் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளும் வேலையிலிருந்த பிரியந்தினி, தினமும் ஒரு முகம் வரைந்து பழகுவதென்று ஒரு சித்திரக் கொப்பி வாங்கினாள். பதினோராம் நாள் ஞாயிற்றுக்கிழமை. பக்கத்து வீட்டு வீரம்மா கல்யாணச் சேலையும் கழுத்தில் அட்டியலுமாக தொழிலாளர் குடியிருப்பான லயத்து வாசலில் வந்து உட்கார்ந்தாள்.

"மூக்க மட்டும் சின்னதாப் போடு தங்கச்சி."

மூக்கு சின்னதாகத்தான் வந்தது. அதற்குக் கீழே போட்ட நிழல்தான் கறுத்துவிட்டது. அழிக்க அழிக்க அது இரண்டு பக்கமும் பரவி, கடைசியில் நல்ல மீசையாக நின்றது.

அந்த நேரம் பார்த்து, மலையில் வேலை பார்க்கிறவர்களை அதட்டித் திரியும் கண்டாக்கு தங்கவேலு அந்த வழியாக வந்தார். கொப்பியை எட்டிப் பார்த்ததும் முகம் மலர்ந்துவிட்டது.

"அட, என்னையவா வரைஞ்ச? அப்படியே நான்தான்! கழுத்துல என்னம்மா?"

பிரியந்தினி வாயைத் திறப்பதற்குள் வீரம்மா முந்திக்கொண்டாள்.

"மாலைங்கய்யா! ஒங்களுக்குப் போடாம வேற யாருக்குப் போடுறது?"

கண்டாக்கு தாளைக் கிழித்து வாங்கிப்போய், கண்ணாடிச் சட்டம் போட்டு, தோட்டத்தை நடத்தும் துரையின் ஆபீசில் மாட்டிவிட்டார்.

பிரியந்தினி மன்னிப்புக் கேட்கப் போனாள். வீரம்மாவுக்கோ பெருமை தாங்கவில்லை.

"தொரைக்கு நேர் எதிரே என் படம் தொங்குதுடி. மீசை கெடந்துட்டுப் போகுது, நீ வாயத் தொறந்துராத!"

மறுநாள் பிரியந்தினி ஓர் ஆட்டை வரைந்தாள். அதுவும் யாரோ தெரிந்தவர் சாயலில் வந்ததால், கொப்பியைச் சட்டென்று மூடிவைத்தாள்.