ஃபைல் ரூமின் மூன்றாவது செடி

அந்த ஃபைல் ரூமுக்குக் கொடுத்த இரண்டு செடிகளும் செத்துவிட்டன. மூன்றாவதும் போனால் நான் தன் செடிக்கடையில் உட்கார வேண்டும் என்று சித்தி சொல்லிவிட்டாள்.

சித்தி அலுவலகங்களுக்குச் செடிகளை வாடகைக்கு விடுகிறாள். தாவரவியல் படித்துவிட்டு வீட்டில் இருந்த என்னை அவள்தான் வேலைக்கு இழுத்துப் போட்டாள். வாரம் ஒருமுறை ஒவ்வோர் அலுவலகமாகப் போய் இலை துடைத்து, தேவைப்பட்டால் தண்ணீர் ஊற்றி, வாடியதை வெட்டி வருவேன். யாரிடமும் பேச வேண்டியதில்லை. கடை அப்படியில்லை. ஒரே ஒருநாள் உட்கார்ந்தேன். "ரோஜா இருக்கா?" என்று ஒருவர் கேட்டார். அவருக்கு எதிரிலேயே இருந்தது. நான் தொண்டையைச் சரிசெய்து "இருக்கு" என்று சொல்வதற்குள் அவர் போய்விட்டார்.

"அடுத்த மாசக் கடைசில நானே வந்து பாப்பேன்," என்றாள் சித்தி. "அதுவும் அம்பேல்னா, பேசாம கடையில வந்து உக்காரு."

"பேசாம உக்கார விடமாட்டாங்களே சித்தி."

"வாய் மட்டும் என்கிட்டதான் நீளும்."

ஃபைல் ரூம் ஓர் இன்சூரன்ஸ் அலுவலகத்தின் அடித்தளத்தில் இருந்தது. கூரையை ஒட்டி ஒரு சாண் உயரத்தில் ஜன்னல். அதில் தெருவில் போகிறவர்களின் செருப்புகள் மட்டும் தெரியும். இரண்டு டியூப் லைட்டுகள், அதிலொன்று சிமிட்டும். அங்கே மூன்று பேர் வேலை பார்த்தார்கள். சூப்பரின்டென்ட், டைப்பிஸ்ட் அக்கா, எல்லோரும் ஜெராக்ஸ் என்று கூப்பிடும் அண்ணன். அந்த வெளிச்சத்துக்குத் தாங்கும் என்றுதான் ஸ்நேக் பிளான்ட் கொடுத்தேன். கத்திகளை நட்டு வைத்ததுபோல ஆறு இலைகள்.

மூன்றாவது வாரமே ஓர் இலையின் அடி வெந்த காய்போலக் கொழகொழத்தது. நான் அதுவரை ஒரு சொட்டுத் தண்ணீர்கூட ஊற்றவில்லை.

பயணப் பெட்டி எடை பார்க்கும் கொக்கித் தராசு வீட்டில் இருந்தது. தொட்டியைக் கயிற்றில் கட்டித் தூக்கிப் பார்த்தேன். இரண்டு கிலோ எழுநூறு. அடுத்த வாரம் இரண்டு தொள்ளாயிரம். அந்த இருட்டில் எந்தச் செடியும் வாரத்துக்கு இருநூறு கிராம் வளராது. யாரோ ஊற்றுகிறார்கள்.

கேட்டுவிடலாம் என்று படியிலேயே ஒத்திகை பார்த்தேன். உள்ளே போனதும் வாய் ஒட்டிக்கொண்டது. 'தண்ணீர் ஊற்ற வேண்டாம்' என்று எழுதித் தொட்டியில் ஒட்டிவிட்டு ஓடிவந்தேன்.

அடுத்த வாரம் மூன்று கிலோ நூறு.

நான் அலமாரிக்குப் பின்னால் குனிந்து தராசு காட்டிய எடையையே வெறித்துக்கொண்டிருந்தேன். தொட்டியைத் திரும்ப வைத்ததும் டைப்பிஸ்ட் அக்கா பாட்டிலோடு வந்தார். நான் இருப்பதை அவர் கவனிக்கவில்லை.

"வெயில்தான் உனக்குக் குடுத்து வைக்கல ராசா. தண்ணியாவது வயிறார குடி."

"ஊத்தாதீங்க!"

கத்தியது நான்தான். என் குரல் அவ்வளவு பெரியது என்று எனக்கே தெரியாது. அக்கா பாட்டிலை நெஞ்சோடு அணைத்துக்கொண்டார். ஜெராக்ஸ் அண்ணன் மெஷினை நிறுத்தினார்.

"அந்தச் சீட்டு..." என்றேன்.

"அது ஜெராக்ஸுக்குன்னு நெனச்சேம்மா. டம்ளர் டம்ளரா கொட்டுவான். நான் ஊத்தறது ஒரு வாய்தான்."

"நானா? நான் காலையில ஒரே ஒரு டம்ளர். சாயங்காலம் ஊத்தறது சார்!"

சூப்பரின்டென்ட் ஃபைலிலிருந்து தலையைத் தூக்கவில்லை. "பாவமா இருந்தது. நம்மள மாதிரியே இதுவும் இங்க வந்து மாட்டிக்கிச்சேன்னு."

மூன்று பேரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். இனி வாயை மூடிப் பயனில்லை. சொல்ல ஆரம்பித்தேன்.

"வெளிச்சம் இருந்தாதான் இலை வேலை செய்யும். வேலை செஞ்சாதான் தண்ணி வேணும். இது இங்க சும்மா நிக்குது. சும்மா நிக்கறவனுக்கு மூணு வேளை விருந்து வெச்சா என்ன ஆகும்?"

"ஏன் தங்கச்சி என்னைப் பாத்துச் சொல்ற?" என்றார் ஜெராக்ஸ் அண்ணன்.

அன்றே செடியைப் பிடுங்கி, அழுகியதை வெட்டி, பாதி மணல் கலந்த மண்ணில், சின்னத் தொட்டி ஒன்றில் நட்டேன். நான்கு இலைகள் மிஞ்சின. தொட்டி ஒரு கிலோ எழுநூறுக்குக் கீழே இறங்கினால்தான் ஒரு டம்ளர் என்று சொல்லி, தராசை அங்கேயே விட்டுவிட்டு வந்தேன். கை சும்மா இருந்தால் மறுபடி பாட்டிலைத் தேடும். அதனால் ஆளுக்கொரு வேலை கொடுத்தேன். அக்கா இலை துடைப்பார். அண்ணன் திங்களன்று மாடிப்படி ஜன்னலுக்குத் தூக்கிப்போய், வியாழன் சாயங்காலம் திரும்பக் கொண்டுவருவார். சார் எடை பார்ப்பார்.

மாசக் கடைசி வெள்ளியன்று சித்தி வந்தாள். யாருக்கும் வணக்கம்கூடச் சொல்லாமல் நேராகத் தொட்டிக்குள் விரலை விட்டாள்.

"மண்ணு இப்படிக் காஞ்சு கெடக்கு! ஏண்டி, சொட்டுத் தண்ணி காட்டலையா?"

மேஜைமேல் இருந்த பாட்டிலை எடுத்துத் திறந்தாள்.

"ஊத்தாதீங்க!" என்றார்கள் மூவரும். ஜெராக்ஸ் அண்ணன் தொட்டிக்கு முன்னால் வந்து நின்றேவிட்டார்.

"இன்னும் நூறு கிராம் எறங்கணும்மா," என்றார் அக்கா.

"இருபது வருஷமா செடி வளக்கறேன். எனக்கே பாடமா?"

"நீங்க வெயில்ல வளக்கறீங்க," என்றார் சூப்பரின்டென்ட். "இது வேற டிபார்ட்மென்ட்."

சித்தி என்னைப் பார்த்தாள்.

"இலையைப் புடிச்சு இழுத்துப் பாருங்க சித்தி. அடி அழுகியிருந்தா கையோட வந்துடும்," என்றேன்.

இழுத்தாள். இலை அசையவில்லை. கொஞ்சம் பலமாகவே இழுத்தாள். தொட்டிதான் நகர்ந்தது. அடுத்த இலை, அதற்கடுத்தது என்று நான்கையும் சோதித்தாள். பிறகு பாட்டிலை மூடி வைத்துவிட்டு மூவரையும் ஒருமுறை பார்த்தாள்.

"இவ்ளோ பேரை இவளா பேசி வழிக்குக் கொண்டுவந்தா?"

"பேசலம்மா," என்றார் அக்கா. "கத்துச்சு."

படியேறும்போது சித்தி மூச்சு வாங்க நின்றாள்.

"கடைக்கு வேற ஆளப் பாத்துக்கறேன்," என்றாள். "நீ இப்படியே தண்ணி ஊத்தாம இருந்து சம்பளம் வாங்கு."