நெஞ்சளவு ஓட்ஸ்

சும்மா சொல்லக்கூடாது, எர்ச்சிமென் விதைத்த ஓட்ஸ் நெஞ்சளவு வளர்ந்திருந்தது. கூட்டுப்பண்ணைக்குத் தலைவனான கையோடு ஊருக்கு வடக்கே ஒரு துண்டு லார்ச் மரக் காட்டை வெட்டி, தரையில் மெத்தையாகக் கிடந்த பாசியை வேரோடு வழித்தெடுத்துவிட்டு அதில் விதைத்தான். எட்டு மாதம் பனியில் கிடந்து மாட்டுத் தீவனத்துக்குத் திண்டாடுகிற ஊர், அந்தப் பச்சையைப் பார்த்து வாய் பிளந்து நின்றது. யாரையும் குறை சொல்வதற்கில்லை.

சூட்டோடு சூடாக ஆகஸ்ட் கடைசியில் ஊர் மன்றத்தில் கூட்டம் போட்டான். அடுத்தது தெற்குச் சரிவு, இருபது ஹெக்டேர், மறுநாளே புல்டோசர் வரும் என்றான். சம்மதிக்கிறவர்கள் கை தூக்கலாம் என்றதும் நாற்பது கைகள் எழுந்தன. துயாரா மட்டும் கையை மடியிலேயே வைத்திருந்தாள்.

துயாரா அவனுக்குப் பெரியப்பா மகள். ஐம்பதை நெருங்குகிறவள், தனிக்கட்டை, பதினொரு மாடு வைத்திருக்கிறாள், வாய் கொஞ்சம் நீளம். தெற்குச் சரிவின் அடிவாரத்தில்தான் அவள் வீடும், அந்த மாடுகளுக்குப் புல் தருகிற வெளியும் இருந்தன. பதினான்கு வருடமாக நகரத்து ஆராய்ச்சிக்காரர்களுக்காக அவள் ஒரு வேலை செய்துவந்தாள். ஒவ்வொரு செப்டம்பரிலும் அவர்கள் கொடுத்த இரும்புக் கம்பியை அங்கங்கே மண்ணில் குத்தி, கோடையிலும் உருகாத உறைமண் எத்தனை ஆழத்தில் தட்டுகிறது என்று எழுதி அனுப்ப வேண்டும். தெற்குச் சரிவில் பாசிக்குக் கீழே தொடையளவில் டொக்கென்று தட்டும். பதினான்கு வருடத்தில் அது பெரிதாக மாறியதே இல்லை. அந்தப் பாசிதான் சரிவுக்குப் போர்வை. அதை உருவிவிட்டால் கீழே இருக்கிற பனிக்கட்டி உருகும், சரிவு உட்காரும், அவள் வீடும் புல்வெளியும் சேற்றில் போகும்.

அவள் எழுந்து நின்றாள்.

"டேய், உன் ஓட்ஸ் உன் சாமர்த்தியத்துல வளரல. கீழ ஆயிரக்கணக்கான வருஷத்துப் புல்லும் வேரும் சாணமும் அழுகாம உறைஞ்சு கெடக்கு. நீ போர்வையை உருவிட்ட, அது இப்ப உருகி அழுகுது. அந்தச் சத்தைத்தான் உன் பயிர் திங்குது. மத்ததெல்லாம் காத்தோட காத்தாப் போகுது. பனி நிலவறைக் கதவைத் திறந்துபோட்டா உள்ள இருக்கிற மீனு என்னாகும்? ரெண்டு மூணு வருஷம் ஆடுவே. அப்புறம் குழிதான்."

எர்ச்சிமென் கோபப்படவில்லை. சிரித்தபடி சுவரைக் காட்டினான். அங்கே பன்னிரண்டு வருடத்துக்கு முந்தைய மாவட்டக் கண்காட்சிப் படம் தொங்கியது. கூடை நிறைய உருளைக்கிழங்கோடு துயாரா நின்றாள், தோளில் சிவப்பு நாடா, கீழே முதல் பரிசு என்று எழுத்து.

"அக்கா, கொட்டகைக்குப் பின்னால பாசியை வழிச்சுட்டுத்தானே நீங்க இதைப் போட்டீங்க? நீங்க வழிச்சா பரிசு, நான் வழிச்சா குழியா?"

மன்றமே சிரித்தது. பதிலுக்குப் பதில் கொடுத்தே பழகிய துயாரா இந்த முறை உட்கார்ந்துவிட்டாள்.

சொல்ல என்ன இருக்கிறது? முதல் வருடம் பரிசு. மறுவருடம் கிழங்கு அதைவிடப் பெரிது. மூன்றாவது வருடம் பாத்தி நடுவில் தரை உள்வாங்கியது. ஒரு கிடாரி அதில் விழுந்து கால் முறிந்து, அறுக்க வேண்டியதாகிவிட்டது. கொட்டகை ஒரு பக்கம் சாய்ந்தது. துயாரா சுற்றித் தகரம் அடித்து மறைத்தாள். கிடாரி ஆற்றுப் பனியில் வழுக்கி விழுந்தது என்றாள், கொட்டகை பழசு என்றாள். பக்கத்தில் எங்காவது மண்ணை வழித்ததுண்டா என்று ஆராய்ச்சிக்காரர்கள் கேட்டபோதும் இல்லை என்று கூசாமல் சொன்னாள். ஊரில் இன்றைக்கும் அவளிடம் வந்து விதைக்கிழங்கு கேட்பார்கள், அவளும் பெரிய மனுஷியாட்டம் எண்ணிக் கொடுப்பாள். பொய் சொன்னது கூடப் பரவாயில்லை. அந்தப் பெருமையை இத்தனை வருடம் ருசித்துத் தின்றதுதான் வீடு திரும்புகிற வழியெல்லாம் அவளைக் குத்தியது.

தகரத்தை அவள் அடித்தது ஊரை ஏமாற்ற. இப்போது அதே தகரம் எர்ச்சிமெனுக்கு மறைப்பாக நிற்கிறது. அதை நினைத்ததும் அவளுக்குத் தன் மேலேயே ஆத்திரம் பொங்கியது. போகட்டும் மானம், சரிவை விடமாட்டேன் என்று வாய்விட்டே சொன்னாள். கேட்க மாடுகள்தான் இருந்தன.

மறுநாள் காலை புல்டோசர் வந்தது. ஓட்டியவன் அண்டை வீட்டு பியோதுர், அதிகம் பேசாதவன். சரிவுக்குப் போகிற ஒரே பாதை துயாராவின் கொட்டகையை ஒட்டிப் போனது. பின்னால் எர்ச்சிமெனும், வேடிக்கை பார்க்கப் பாதி ஊரும். துயாரா கடப்பாரையால் தகரங்களை நெம்பிக்கொண்டிருந்தாள். வழியை விடச் சொன்னான் எர்ச்சிமென். வழியை யார் மறித்தார்கள், இதையும் பார்த்துவிட்டுப் போ என்று கடைசித் தகரத்தை அவன் காலடியில் தள்ளினாள்.

உள்ளே ஆள் முங்குகிற குழிகள். இடையிடையே கூன் விழுந்தாற்போல் மேடுகள். குழிகளில் கறுப்புத் தண்ணீர், அதில் குமிழி வந்து வந்து உடைந்தது. கொட்டகையின் பின்கால் ஒன்று தண்ணீருக்குள் இறங்கி நின்றது. அழுகல் நாற்றம் குப்பென்று அடித்தது.

"இதுதான் அந்தப் பரிசுக் கிழங்கு வெளஞ்ச எடம்," என்றாள் துயாரா. "கிடாரி ஆத்துல வழுக்கல. இதுலதான் விழுந்துச்சு."

பத்து வருடம் நம்மை ஏமாற்றியிருக்கிறாள் என்று கூட்டத்தில் யாரோ முணுமுணுத்தார்கள். துயாரா அந்தப் பக்கம் திரும்பினாள். முகம் நெருப்பாகக் காந்தியது, ஆனால் தலை குனியவில்லை.

"ஆமா, ஏமாத்தினேன். காறித் துப்பணும்னா துப்புங்க. துப்பிட்டு, நல்லாப் பாருங்க."

எர்ச்சிமென் சுதாரித்துக்கொண்டான். ஒரு பொம்பளை தெரியாத்தனமாகப் போட்ட பாத்திக்கும் பண்ணை வயலுக்கும் என்ன சம்பந்தம், தன் வயல் கெட்டித்தரை என்றான். சரி, வா என்று துயாரா கம்பியை எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டு வடக்கே நடந்தாள். ஊர் பின்னாலேயே போனது. புல்டோசரை அணைத்துவிட்டு பியோதுரும் போனான்.

நிற்கிற பயிரில் கால் வைப்பது அந்த ஊரில் யாரும் செய்யாத காரியம். தீவனத்தை மிதிப்பது மாட்டின் வாயை மிதிப்பதற்குச் சமம் என்று அவளே பிள்ளைகளைத் திட்டியிருக்கிறாள். இன்று விறுவிறுவென்று ஓட்ஸுக்குள் இறங்கி நடுவில் போய் நின்றாள். கம்பியை பியோதுர் கையில் கொடுத்தாள். நான் குத்தினால் பொய் என்பான், நீ குத்து என்றாள்.

பியோதுர் குத்தினான். கம்பி தொடையளவு போயிற்று, நிற்கவில்லை. இடுப்பளவு போயிற்று. அவன் மெதுவாக அழுத்தினான், அது வெண்ணெயில் இறங்குவதுபோல் இறங்கியது. தட்டியதும் மண்மட்டத்தில் விரலை வைத்துப் பிடித்துக்கொண்டு கம்பியை உருவி, ஓட்ஸ் பக்கத்தில் நிறுத்தினான். அவன் விரலும் கதிரின் நுனியும் ஒரே உயரத்தில் இருந்தன. மேலே நெஞ்சளவு பயிர், கீழே நெஞ்சளவு உருகிய மண். மரம் வெட்டுவதற்கு முந்தின வருடம் அதே இடத்தில் துயாரா அளந்து எழுதியது தொடையளவு.

பியோதுர் கம்பியைத் துயாராவிடம் நீட்டினான்.

"என் வண்டி அந்தச் சரிவுல ஏறாது," என்றான்.

வேறு ஓட்டுநர் கிடைக்காமலா போய்விடுவான் என்று எர்ச்சிமென் சீறினான். அங்கேயே, வயலிலேயே, மறுபடியும் கை தூக்கச் சொன்னான். நான்கு கைகள் எழுந்தன. மற்றவர்கள் ஓட்ஸையும் தங்கள் காலையும் மாறி மாறிப் பார்த்தார்கள். நான்கில் ஒரு கை, துயாராவிடம் வந்து விதைக்கிழங்கு வாங்கிப் போகிற ஒருத்தியுடையது. துயாராவுக்குச் சுருக்கென்றது. ஆனாலும் நான்குதான்.

அன்று மதியம் துயாரா மன்றத்துக்குப் போனாள். நாற்காலியில் ஏறிப் படத்தை இறக்கி, முதல் பரிசு என்ற எழுத்துக்குக் கீழே கறுப்பு மையால் கொட்டை எழுத்தில் எழுதினாள்: மூன்றாம் ஆண்டு, குழி, இரண்டு மீட்டர், ஒரு கிடாரி. எழுதி முடிக்கும்போது எர்ச்சிமென் உள்ளே வந்தான். படித்துப் பார்த்தவன் குரலைத் தாழ்த்தினான். குடும்ப மானத்தை இப்படிச் சுவரில் தொங்கவிட வேண்டாம், படத்தை வீட்டுக்கு எடுத்துப் போய்விடுங்கள் அக்கா என்று கிட்டத்தட்டக் கெஞ்சினான்.

"மானம் அந்தக் குழிக்குள்ள கெடக்கு. வேணும்னா எறங்கி எடுத்துக்க. படம் இங்கதான் இருக்கும்."

படத்தை மாட்டினாள். பக்கத்தில் இன்னொரு ஆணி அடித்து, சேறு காயாத கம்பியையும் அதில் தொங்கவிட்டுவிட்டு நாற்காலியிலிருந்து இறங்கினாள்.

"அடுத்த தடவை கை தூக்கச் சொல்றதுக்கு முன்னாடி, இதை எடுத்துட்டுப் போய்க் குத்திப் பாருடா தம்பி."