மேற்பார்வை

போடியில் மூன்று கட்டடங்களில் வேலை நடந்தது. மூன்றையும் மேஸ்திரி மொக்கச்சாமி கட்டிலில் கிடந்தபடியே நடத்திக்கொண்டிருந்தார். சாரம் சரிந்து விழுந்து, வலது கால் முறிந்து ஒரு மாதமாகிறது. ஏலக்காய் எடுப்புத் தொடங்கிவிட்டால் விடிவதற்குள் ஜீப்புகள் பெண்களை அள்ளிக்கொண்டு மலைக்குப் போய்விடும். கட்டட வேலைக்கு ஆள் கிடைப்பது குதிரைக்கொம்பு. மேஸ்திரிகளுக்கும் அதே பஞ்சம்தான். அதனால் இன்ஜினியர் ராம்பிரசாத் போன வாரம் மூன்று இடத்திலும் பேச்சும் கேட்கும் கேமராவும் ஒலிபெருக்கியும் மாட்டி, மொக்கச்சாமி கையில் ஒரு போனைக் கொடுத்துவிட்டார். எங்கே சுவர் கோணுகிறது, யார் சும்மா நிற்கிறார்கள் என்று பார்த்துச் சொல்ல வேண்டும். கோணல் அவருக்குப் படத்திலேயே தெரிந்துவிடும், முப்பது வருஷக் கண். கால் கூடும்வரை வீட்டில் அடுப்பெரிய அந்தப் போனை நம்பித்தான் இருந்தார்.

மூன்றாவது கட்டடத்தில் அவர் மனைவி அன்னக்கொடி சித்தாள். ஆறு பேர் சுமந்ததை இப்போது இரண்டு பேர் சுமக்கிறார்கள். இருபத்திரண்டு வருஷம் ஒரே சுவரில் வேலை பார்த்த ஜோடிதான். ஆனால் மொக்கச்சாமி சாரத்தில் சுவரைப் பார்த்து நின்று "கலவை" என்பார், சட்டி பக்கத்தில் வந்துவிடும். அது எப்படி வருகிறது என்று ஒரு நாளும் பார்த்ததில்லை. இந்த ஒரு வாரமாகத்தான் பார்க்கிறார். கைப்பிடி இல்லாத படியில் அவள் சுவரோரமாக ஒருக்களித்து ஏறுகிறாள். திருப்பத்தில் நின்று, ஒரு கையால் தலையிலிருக்கும் சட்டியைப் பிடித்துக்கொண்டு மறு கையால் முட்டியை அழுத்துகிறாள். காலையிலிருந்து நாற்பத்தோரு தடவை. உச்சந்தலையில் முடி கொட்டியதற்கு ஷாம்பு சரியில்லை என்று அவளைக் கேலி பேசியிருக்கிறார். இப்போது நினைத்தால் வெட்கமாக இருந்தது.

மூன்று மணிக்கு ராம்பிரசாத் கூப்பிட்டார். "அண்ணே, மேல கொத்தனார் கலவை இல்லாம நிக்கிறாரு. அந்தம்மா திருப்பத்துல திருப்பத்துல நின்னுருது. வெரசா ஏறச் சொல்லுங்க. நீங்க சொல்லலைன்னா உங்க எடத்துக்கு வேற ஆளப் பாக்கணும்ணே."

அந்தம்மா யாரென்று ராம்பிரசாத்துக்குத் தெரியாது. மொக்கச்சாமியும் சொல்லவில்லை.

படத்தில் அன்னக்கொடி திருப்பத்தில்தான் நின்றிருந்தாள். அவர் பொத்தானை அழுத்தினார். 'வெரசா' நாக்கு வரைக்கும் வந்தது; அவளிடம் சொல்லிச் சொல்லிப் பழகிய சொல்.

"ஏத்தா அன்னக்கொடி, சட்டிய எறக்கி வச்சுட்டு செத்த நேரம் உக்காருத்தா."

கட்டடம் முழுக்கக் கேட்டது. மேலிருந்து கொத்தனார் எட்டிப் பார்த்தார். அன்னக்கொடி சட்டியை இறக்கினாள், ஆனால் உட்காரவில்லை. பதறியடித்துப் படியிறங்கிக் கேமரா இருந்த கம்பத்தடிக்கு ஓடிவந்தாள். சிமென்ட் படிந்த முகம் திரை முழுக்க நின்றது.

"ஏய்யா, ஒடம்புக்கு என்ன செய்யுது? நெஞ்சு கிஞ்சு வலிக்குதா?"

மொக்கச்சாமி பதில் சொல்லப் பொத்தானைத் தொடப்போனார். அதற்குள் போன் அடித்தது. ராம்பிரசாத்தின் பெயர் திரையின் மேல்பாதியில் வந்து உட்கார்ந்து, அவள் நெற்றியையும் கண்களையும் மறைத்தது. கீழே, பதிலுக்காகப் பாதி திறந்திருந்த வாய் மட்டும் தெரிந்தது.