தேவையில்லாத விவரம்

வெளியுறவு அமைச்சகத்தின் செய்திப் பிரிவில் எல்லோரும் அவளைக் கமா அக்கா என்றுதான் கூப்பிடுவார்கள். ஒரு கமா இடம் மாறியிருந்தாலும் அறிக்கையைத் திருப்பி அனுப்பிவிடுவாள். இருபத்தாறு வருஷமாகப் பிழை திருத்துகிறவள். அவள் கையெழுத்து விழாமல் அமைச்சர் வாயிலிருந்து ஒரு வார்த்தை வெளியே வராது. அந்தக் கையெழுத்தை வைத்துக்கொண்டு அவள் செய்த காரியம்தான் இது. நியாயமா என்று கேட்கிறவர்கள் முழுக்கத் தெரிந்துகொண்டு கேட்கட்டும்.

காசாவில் குண்டு விழுந்தால் அந்த அலுவலகத்தில் என்ன நடக்கும் தெரியுமா? டைப்பிஸ்ட் பழைய அறிக்கையைத் திறப்பார். தேதியை மாற்றுவார், செத்தவர்களின் எண்ணிக்கையை மாற்றுவார். அவ்வளவுதான் வேலை. 'ஆழ்ந்த கவலை'யும் 'இரு தரப்பும் நிதானம் காக்க வேண்டும்' என்பதும் வைத்த இடத்திலேயே இருக்கும். குண்டு போட்டது யார் என்று ஒரு வரி இருக்காது. பாம்பும் சாகக் கூடாது, தடியும் உடையக் கூடாது. ஐ.நா.வில் போர்நிறுத்தத் தீர்மானம் ஓட்டுக்கு வந்தபோதும் இவர்கள் அனுப்பிய தூதர் கையைத் தூக்காமல் சும்மா உட்கார்ந்துவிட்டு வந்தார். அதற்குச் சமநிலை என்று ஒரு பெயர் வேறு.

அவளுக்கு ஒரே ஒரு தம்பி. மயக்க மருந்துப் பிரிவில் நர்ஸ். மூன்று மாதத்தில் வந்துவிடுகிறேன் என்று சொல்லிவிட்டு ஒரு நிவாரணக் குழுவோடு காசாவுக்குப் போனான். போன இரண்டாவது வாரமே மயக்க மருந்து தீர்ந்துவிட்டது. இப்போது பிள்ளைகளின் கையைப் பிடித்துக்கொண்டு நிற்பதுதான் என் வேலை அக்கா என்று போனில் சொன்னான். ஐந்தாவது வாரம் அவன் இருந்த ஆஸ்பத்திரியின் மேல் இஸ்ரேலிய விமானம் குண்டு போட்டது. செத்தவர்களில் அவனும் ஒருவன்.

அந்த அறிக்கையும் அவள் மேஜைக்குத்தான் வந்தது. காசா அறிக்கைகளின் வரிசையில் பன்னிரண்டாவது. வீட்டுக்குப் போங்கள் என்றார்கள், அவள் போகவில்லை. 'நம் குடிமகன் ஒருவர்' என்று இருந்த இடத்தில் தம்பியின் பெயரையும் தொழிலையும் பேனாவால் எழுதினாள். பெற்றவள் பெயர் வைக்காமலா விட்டாள் அவனுக்கு? செயலாளர் அந்த வரியை ஒரே கோடாக அடித்தார். அவர் முதுகுக்குப் பின்னால் எல்லோரும் அவரைக் கத்திரிக்கோல் என்பார்கள்.

"தேவையில்லாத விவரம்மா. பேரைப் போட்டா, யாரு கொன்னாங்கன்னு அடுத்த கேள்வி வரும்" என்றார்.

அது போதாதென்று மறுவாரம் அரசிதழ் பார்வைக்கு வந்தது. அதையும் அவள்தான் படித்துப் பார்க்க வேண்டும். கடைசிப் பக்கத்து மூலையில், பொடி எழுத்தில், இஸ்ரேலுக்கு ட்ரோன் உதிரிபாகங்கள் அனுப்ப அமைச்சர் கொடுத்த அனுமதி இருந்தது. தேதியைப் பார்த்தாள். தம்பிக்காக அமைச்சர் கவலைப்பட்ட அதே நாள். பிள்ளையைக் கிள்ளிவிட்டுத் தொட்டிலையும் ஆட்டுகிறவர்களிடமா இத்தனை வருஷம் கமா திருத்திக்கொண்டிருந்தோம் என்று அவளுக்குத் தன்மேலேயே கோபம் வந்தது. அழவில்லை, சண்டை போடவில்லை. மனதுக்குள் கறுவிக்கொண்டாள். இவர்களை விடுவதில்லை என்று அன்றைக்கே முடிவு செய்துவிட்டாள்.

அலமாரிக் கதவில் ஒரு பழைய சுற்றறிக்கை ஒட்டியிருக்கும். அமைச்சர் ஒரு விஷயம் பற்றிப் பேசினால், அதே விஷயம் பற்றிய முந்தைய அறிக்கைகள் எல்லாவற்றையும், தொடர்பான அரசு முடிவுகளையும் செய்தியாளர்களுக்குக் கொடுக்கும் உறையில் இணைக்க வேண்டும் என்பது விதி. யார் இணைத்தார்கள்? அன்றைய அறிக்கை ஒரு தாள், அதோடு உறையை ஒட்டிவிடுவார்கள். சுற்றறிக்கை மேல் யாரோ காலண்டரை மாட்டிவைத்திருந்தார்கள். உறை சரியாக இருக்கிறது என்று கையெழுத்துப் போடுவது அவள் வேலை. எட்டு மாதம் பொறுத்திருந்தாள். அமைச்சர் நேரலையில் வாசிக்கிற நாள் வர வேண்டுமே.

வந்தது. காசாவில் குண்டு விழுந்து ஒரு பள்ளிக்கூடம் போயிற்று. பத்தொன்பதாவது அறிக்கையை அமைச்சரே காலை பதினொரு மணிக்கு டிவி கேமராக்களுக்கு முன்னால் வாசிப்பார் என்றார்கள்.

அவள் ஏழு மணிக்கே வந்து ஜெராக்ஸ் மெஷினைப் போட்டாள். பழைய அறிக்கைகள் பதினெட்டையும் தேதி வரிசையில் அடுக்கினாள். பன்னிரண்டாவதற்கு அடியில் அரசிதழின் அந்தப் பக்கத்தை வைத்தாள். எதன் கீழும் கோடு போடவில்லை, ஒரு புள்ளிகூடச் சேர்க்கவில்லை. டைப்பிஸ்ட் வந்து பார்த்துவிட்டு, இது வம்பில் முடியுமே அக்கா என்றார். அவள் காலண்டரைத் தூக்கிக் காட்டினாள். அவர் சுற்றறிக்கையை இரண்டு தடவை படித்தார். பிறகு ஸ்டேப்ளரை எடுத்துக்கொண்டு வந்து உட்கார்ந்தார்.

அமைச்சர் வாசிக்க ஆரம்பித்தார். ஆழ்ந்த கவலை என்றார். ஹாலில் தாள் புரளுகிற சத்தம் கேட்டது. இரு தரப்பும் என்றார். யாரும் அவரைப் பார்க்கவில்லை, எல்லோரும் மடியிலிருந்த தாளைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். முடித்ததும் முன்வரிசையிலிருந்து ஒரு பெண் நிருபர் எழுந்தாள்.

"பத்தொன்பது அறிக்கையிலயும் தேதியும் எண்ணிக்கையும் மட்டும்தான் சார் மாறியிருக்கு. பன்னிரண்டாவதுல நம் குடிமகன் ஒருவர்னு இருக்கு. அன்னிக்கே நீங்க ட்ரோன் பாகங்களுக்கு அனுமதி குடுத்திருக்கீங்க. அந்தக் குடிமகன் பேரு என்ன சார்?"

திருடனுக்குத் தேள் கொட்டிய மாதிரி இருந்தது அமைச்சருக்கு. கத்தவும் முடியாது, மூடி மறைக்கவும் முடியாது. தண்ணீர் குடித்தார். செயலாளரைத் திரும்பிப் பார்த்தார். செயலாளர் தன் கையிலிருந்த தாள்களைப் புரட்டினார். எங்கே இருக்கும்? அவரே அடித்த பெயர் அல்லவா? கேமராவில் விழாமல் குனிந்தபடியே, சுவரோரம் நின்ற அவளிடம் வந்தார்.

"தம்பி பேரு என்னம்மா? சீக்கிரம் சொல்லுங்க. லைவ் போயிட்டிருக்கு."

எட்டு மாதமாக அந்தப் பெயர் அவள் நாக்கிலேயே இருந்தது. ஒரு நாள் இந்த ஹாலில் அதை எல்லோருக்கும் கேட்கும்படி கத்த வேண்டும் என்றுகூட நினைத்ததுண்டு. இப்போது கொடுக்க மனம் வரவில்லை. இவர்கள் தப்பிப்பதற்கா அவன் பெயர்? செயலாளரின் நெற்றியில் வியர்வை இறங்குவதை ஆசை தீரப் பார்த்தாள்.

"தேவையில்லாத விவரம் சார்" என்றாள்.

உங்கள் வேலை போய்விடும் என்று அவர் பல்லைக் கடித்தார். போகட்டுமே.

அமைச்சர் தொண்டையைச் செருமிவிட்டு, அவர் நம் குடிமகன் ஒருவர் என்று மறுபடியும் அதையே சொன்னார். பின்வரிசையில் யாரோ சிரித்தார்கள். அந்தப் பெண் நிருபர் உட்காரவில்லை. செயலாளர் அன்றைக்கே பயந்த அந்த அடுத்த கேள்வியைக் கேட்டாள்.

"சரி சார். அவரை யாரு கொன்னாங்க?"

அமைச்சர் வாயைத் திறக்கிற வரைக்கும் நகர்வதில்லை என்று அவள் சுவரில் நன்றாகச் சாய்ந்து நின்றுகொண்டாள்.