ஏழாம் டேங்க் வழியவில்லை

பெட்ரோல் கிடங்குக்குப் பாதுகாப்பு அதிகாரி ஒருவர் கட்டாயம் வேண்டும் என்று மேலிடத்திலிருந்து உத்தரவு வந்தபோது மானேஜர் அதிகம் யோசிக்கவில்லை. வெளியாளைப் போட்டால் நாளைக்கே அவன் வாயைத் திறப்பான். சாப்பிட மட்டும் வாயைத் திறக்கிற ஆள் ஒருவன் வீட்டிலேயே இருந்தான். ரசாயனம் படித்தவன், வேலை அமையாதவன், பெண்ணைக் கட்டிக்கொண்டு வீட்டோடு வந்து தங்கிவிட்டவன். தண்டச்சோறு என்கிற பெயரும் போகும், மேலிடத்தின் நச்சரிப்பும் தீரும். ஒரே கல்லில் இரண்டு மாங்காய்.

மானேஜரின் மாப்பிள்ளை என்பதால் கிடங்கில் எல்லோருக்குமே அவன் மாப்பிள்ளைதான். லாரி டிரைவர்கள், பம்ப் ஆபரேட்டர், வாட்ச்மேன், எதிரே டீக்கடை வைத்திருந்த அக்கா என்று ஒருவர் பாக்கியில்லாமல் அப்படித்தான் கூப்பிட்டார்கள். அதை மரியாதை என்றும் எடுத்துக்கொள்ளலாம், குத்தல் என்றும் எடுத்துக்கொள்ளலாம். அவன் ரொம்ப நாள் மரியாதை என்றே எடுத்துக்கொண்டான், பாவம்.

சும்மா உட்கார்ந்து சம்பளம் வாங்கியிருந்தால் இந்தக் கதையே இல்லை. பலகையில் அதிகாரி என்று எழுதி மாட்டியதும் அவனுக்கு ரோஷம் வந்துவிட்டது. எந்தெந்த ஊரிலோ டேங்க் வழிந்து, பெட்ரோல் ஆவி பனிமூட்டம் போலத் தரையோடு தவழ்ந்து போய், யாரோ ஒருவர் வண்டிச் சாவியைத் திருகிய இடத்தில் வெடித்த செய்திகளையெல்லாம் தேடித் தேடிப் படித்தான். படித்துவிட்டுக் கிடங்கைச் சுற்றி வந்தான். சுற்றி வந்தவனுக்குத் தூக்கம் போயிற்று.

கிடங்கில் ஏழாம் டேங்க்தான் பெரியது. பெட்ரோல் எவ்வளவு ஏறியிருக்கிறது என்று கட்டுப்பாட்டு அறைக்குச் சொல்ல அதற்குள் ஒரு மிதவை உண்டு. அது அவ்வப்போது சிக்கிக்கொண்டு, ஏறுகிற பெட்ரோலை ஏறவே இல்லை என்று சாதிக்கும். மிதவையை மட்டும் நம்பக்கூடாது என்றுதான் டேங்கின் உச்சியருகே தனியாக ஓர் அபாய ஹாரன் வைத்திருந்தார்கள். அது ஒரு மதியம் காரணமில்லாமல் அலறி மானேஜரின் தூக்கத்தைக் கெடுத்தது. அன்றோடு அதன் ஒயரைக் கழற்றிவிட்டார்கள். டேங்குக்கு அப்பால் மதில், மதிலுக்கு அப்பால் பள்ளத்தில் குடியிருப்பு. பெட்ரோல் ஆவி காற்றைவிடக் கனமானது, தண்ணீரைப் போலப் பள்ளம் தேடித்தான் போகும். பள்ளத்தில் முதல் வீடு மானேஜருடையது. அந்த வீட்டில் மதிலை ஒட்டிய அறையில்தான் மாப்பிள்ளையின் மனைவியும் மகளும் தூங்கினார்கள்.

"மாமா, ஏழாம் டேங்க் ஹாரனைத் திரும்ப மாட்டணும்" என்று ஒரு நாள் சாப்பாட்டு மேஜையில் சொன்னான்.

"சாப்பிடும்போது பேசாதீங்க மாப்பிள்ளை. புரையேறும்" என்றார் மானேஜர். அவர் ஒரு நாளும் மாப்பிள்ளையை மரியாதை குறைத்துப் பேசியதில்லை. ஊசி எப்போதும் வாழைப்பழத்துக்குள்தான் இருக்கும்.

ஹாரன் கிடைக்கவில்லை. ஆனாலும் அவன் ஓயவில்லை. காற்று எந்தப் பக்கம் அடிக்கிறது என்று தெரிய, கம்பத்தின் உச்சியில் நீளமான துணிப்பை ஒன்றைக் கட்டினான். மறுநாளே அதற்கு 'மாப்பிள்ளை பைஜாமா' என்று பெயர் வந்தது. குடியிருப்புக்காரர்களையும் கூட்டி ஒத்திகை நடத்தினான். "பெட்ரோல் வாசம் பலமா வந்தா அடுப்பை அணைங்க. சுவிட்சைத் தொடாதீங்க. வண்டியை எடுக்கவே எடுக்காதீங்க. பின் கேட் வழியா மேட்டுக்கு நடந்தே போங்க" என்று தொண்டை வறளக் கத்தினான். பெண்கள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள். அவன் மகள் மட்டும் அப்பாவின் கையைப் பிடித்துக்கொண்டு மேடு வரை ஒழுங்காக நடந்தாள். மானேஜர் அந்த ஒத்திகைக்கும் காரில்தான் வந்தார்.

பிறகு அந்த நாள் வந்தது. கப்பலிலிருந்து ஏழாம் டேங்குக்குப் பெட்ரோல் ஏறிக்கொண்டிருந்தது. கட்டுப்பாட்டு அறைக்குள் நுழைந்த மாப்பிள்ளை திரையைப் பார்த்தான். எண் நகரவே இல்லை.

"மெதுவா ஏறுது மாப்பிள்ளை" என்றார் ஆபரேட்டர், செல்போனிலிருந்து கண்ணை எடுக்காமல்.

மாப்பிள்ளை ஏழாம் டேங்கின் படிகளில் ஓடி ஏறி உச்சியிலிருந்த மூடியைத் திறந்தான். கையை விட்டால் தொட்டுவிடலாம் போல, பளபளவென்று பெட்ரோல் மேலே வந்துகொண்டிருந்தது. எப்படிக் கீழே இறங்கினான் என்று அவனுக்கே தெரியாது. அவசரத்துக்கென்று இருந்த சிவப்புப் பொத்தானை உள்ளங்கையால் அறைந்தான். பாய்ந்து வந்த பெட்ரோல் ஒரே நொடியில் நின்றதில் குழாய்கள் குலுங்கின. கப்பலோடு இணைத்திருந்த குழாய் பாழாயிற்று, கப்பல் வேலை முடியாமல் துறைமுகத்தில் நின்றுபோயிற்று. அந்தக் குலுக்கலில் சிக்கியிருந்த மிதவை விடுபட்டுக்கொண்டு, யோக்கியன் போலச் சரியான எண்ணைக் காட்டியது. அது சிக்கியிருந்ததற்குச் சாட்சியே இல்லாமல் போயிற்று.

மானேஜர் வந்தார். திரையைப் பார்த்தார். ஆட்கள் எல்லோரும் கூடியிருந்தார்கள்.

"வழிஞ்சுதா?"

"இல்ல மாமா. நான் நிறுத்திட்டேன்."

"வழியாத டேங்குக்கு எதுக்கு நிறுத்தினீங்க?"

"நிறுத்தலேன்னா வழிஞ்சிருக்கும்."

"இருக்கும், இருக்கும். அன்னைக்கு வேற மாப்பிள்ளை பார்த்திருந்தா நானும் நல்லா இருந்திருப்பேன்."

ஆபரேட்டர் முதலில் சிரித்தார். அப்புறம் எல்லோரும் சிரித்தார்கள். நடந்த விபத்துக்கு ஊரே சாட்சி சொல்லும். நடக்காத விபத்துக்கு யார் வருவார்? காப்பாற்றப்பட்ட அத்தனை பேரும் அவன் முகத்துக்கு நேரே பல்லைக் காட்டிக்கொண்டு நின்றார்கள்.

வேலை போயிற்று. அதைக்கூட அவன் தாங்கியிருப்பான். மனைவி சொன்னதைத்தான் தாங்க முடியவில்லை. "அப்பா கேட்டதுல என்ன தப்புங்க? ஒண்ணும் நடக்கலையே. என் தப்புதான்னு ஒரு வார்த்தை சொல்லிட்டா முடிஞ்சு போச்சு." அவன் சொல்லவில்லை. உன்னையும் குழந்தையையும் சாம்பலாகாமல் வைத்திருக்கிறேன், அதற்கு நான் மன்னிப்புக் கேட்க வேண்டுமா என்று கத்தினான். குழந்தை பயந்து அழுதது. வாசலில் நின்றிருந்த மானேஜர், "மாப்பிள்ளைக்கு மனசு சரியில்லை. சரியாகிற வரைக்கும் வெளியே தங்கட்டும்" என்று கதவைத் திறந்துவிட்டார். அவர் மகள் தடுக்கவில்லை.

கிடங்குக்கு எதிரே மேட்டில் ஒரு அறை கிடைத்தது. தினமும் காலையில் கீழே இறங்கி வந்து டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்து, மதிலுக்கு மேலே தெரியும் தன் துணிப்பையைப் பார்த்துக்கொண்டிருப்பான். லாரி டிரைவர்கள் போகிற போக்கில், "என்ன மாப்பிள்ளை, இன்னைக்கு வழியுமா?" என்று கேட்பார்கள்.

எப்போது அந்த ஆசை வந்தது என்று சொல்ல முடியாது. முதலில் ஒரு வாளி வழிந்தால் போதும் என்று நினைத்தான். வாசம் வரட்டும், எல்லோரும் மூக்கைப் பொத்தட்டும், மாமனார் முகம் கறுக்கட்டும், அவ்வளவுதான். நாள் போகப் போக ஒரு வாளி போதவில்லை. கண்ணை மூடினால் ஏழாம் டேங்க் அருவியாகக் கொட்டியது. அந்தக் கற்பனையில் மட்டும் அவன் மனைவி எப்போதும் கடைக்குப் போயிருப்பாள், மகள் எப்போதும் பள்ளிக்கூடத்தில் இருப்பாள். காப்பாற்றப் பிறந்தவன் அழிவுக்காகக் காத்திருந்தான். அது தனக்குப் பிடித்திருந்ததும் அவனுக்குத் தெரிந்தே இருந்தது.

அன்றும் கப்பல் வந்திருந்தது. விடிந்து கொஞ்ச நேரம்தான் ஆகியிருந்தது. இலை அசையவில்லை. துணிப்பை கம்பத்தோடு ஒட்டித் தொங்கிக்கொண்டிருந்தது. டீயில் கடைசி வாய் குடிக்கும்போது அவனுக்கு அந்த வாசம் வந்தது. லாரி நிரப்பும்போது வருகிற வாசம் இல்லை. தித்திப்பான, கனத்த, தொண்டையில் வந்து உட்கார்கிற வாசம்.

வேறு யாருக்கும் வரவில்லை. அந்த வாசத்துக்காகக் காத்திருந்த மூக்கு அவனுடையது மட்டும்தான்.

அவனுக்கு உடம்பெல்லாம் புல்லரித்தது. சந்தோஷம். பொய் சொல்லி என்ன ஆகப் போகிறது, அது கலப்படமில்லாத சந்தோஷம்.

"அக்கா, இன்னொரு டீ."

"இன்னைக்கு ரெண்டாவதா? என்ன விசேஷம், சிரிச்சுக்கிட்டே இருக்கீங்க?" என்று அக்கா அடுப்பைத் தூண்டினாள்.

டீ வந்தது. நிதானமாக ஊதிக் குடித்தான். மாமனாரிடம் என்ன சொல்வது என்று யோசித்தான். 'இப்ப என்ன சொல்றீங்க மாமா?' என்று கேட்கலாமா? அல்லது ஒன்றுமே பேசாமல் சும்மா முகத்தைப் பார்த்துக்கொண்டு நிற்கலாமா? இரண்டாவதுதான் நன்றாக இருந்தது. மதிலின் அடியில், பள்ளத்துப் பக்கம், முழங்கால் உயரத்துக்கு வெள்ளையாக ஏதோ தவழ்ந்துகொண்டிருந்தது. ரசித்துப் பார்த்தான். பாதி டீ குடித்திருப்பான். எதிரே, வழக்கமாகப் பிள்ளைகள் பள்ளி வேனுக்காக நிற்கிற இடம் காலியாகக் கிடந்தது.

ஞாயிற்றுக்கிழமை.

தம்ளர் எங்கே விழுந்தது என்று தெரியவில்லை. "அக்கா, அடுப்பை அணைங்க! தண்ணியை ஊத்துங்க! மேட்டுக்கு ஓடுங்க!" என்று அவன் போட்ட கூச்சலில் அவள் மிரண்டுபோய் அடுப்பில் தண்ணீரைக் கொட்டினாள். அவன் முன் கேட்டுக்கு ஓடினான்.

"உங்களை உள்ளே விடக்கூடாதுன்னு ஐயா உத்தரவு" என்றார் வாட்ச்மேன்.

"ஏழாம் டேங்க் வழியுது! ஓடிப் போய் சிவப்புப் பொத்தானை அமுக்குங்க!"

"அதுக்கு ஐயா பெட்டி செஞ்சு பூட்டிட்டார். அன்னைக்கு நீங்க அமுக்கினதுக்கு அப்புறம். சாவி அவர்கிட்டதான் இருக்கு."

மனைவிக்குப் போன் செய்தான். தூக்கக் குரலில் எடுத்தாள். "வாசம் வரலையா உனக்கு? எதையும் தொடாதே, பாப்பாவைத் தூக்கிட்டு பின் கேட்டுக்கு ஓடு" என்றான்.

"காலங்காத்தால மறுபடியும் ஆரம்பிச்சிட்டீங்களா?" என்று அவள் துண்டித்துவிட்டாள்.

தன் பேச்சு அந்த வீட்டில் செல்லாக்காசு என்பது அப்போதுதான் அவனுக்கு முழுதாக உறைத்தது. அந்த வீடு அவனிடமிருந்து ஒரே ஒரு வார்த்தையைத்தான் கேட்டுக்கொள்ளும். மாமனாருக்குப் போன் செய்தான்.

"மாமா, என் தப்புதான். அன்னைக்கு ஒண்ணும் நடக்கலை. நான்தான் பைத்தியக்காரத்தனமா நிறுத்திட்டேன். மன்னிப்புக் கேக்க வந்திருக்கேன். பின் கேட்டுக்கு எல்லாரும் வாங்க. பாப்பாவைப் பார்க்கணும். இப்பவே வாங்க. நடந்தே வாங்க மாமா."

மானேஜரின் குரல் வாழ்நாளில் முதல் முறையாகக் கனிந்தது. "இத்தனை நாள் கழிச்சு இறங்கி வந்திருக்கீங்க. உங்களை நடந்து வந்தா கூட்டிக்கிட்டு போறது? நானே கார் எடுத்துட்டு வரேன் மாப்பிள்ளை." போனைக் காதிலிருந்து எடுத்துவிட்டு, "எழுந்திரும்மா, உன் புருஷன் வழிக்கு வந்துட்டார்!" என்று கூப்பிட்டது கேட்டது.

"மாமா, கார் வேண்டாம்! மாமா!"

போன் கை மாறியது. "அப்பா!" என்றாள் மகள். "நாங்க வரோம்ப்பா. இங்க ஒரே பனியா இருக்கு. என் காலே தெரியலை."

"பாப்பா, அப்பா சொல்றதைக் கேளு. தாத்தாகிட்ட வண்டி வேண்டாம்னு சொல்லு. அன்னைக்கு நாம நடந்தோமே, மேட்டுக்கு, அது மாதிரி ஓடி வந்துடு. ஓடு!"

"தாத்தா, அப்பா வண்டி வேண்டாங்கறார்."

கார்க் கதவு திறக்கிற சத்தம். மானேஜரின் சிரிப்பு. "உங்கப்பாவுக்குக் காரைக் கண்டாலும் பயம். நீ ஏறும்மா." சாவிக்கொத்து கிலுங்கியது. அந்தக் கார் பழசு, முதல் திருகலில் கிளம்பாது என்று அந்த வீட்டில் எல்லோருக்கும் தெரியும். முதல் திருகலில் அது இருமி நின்றது. அவன் ஓடு, ஓடு என்று கத்திக்கொண்டே இருந்தான்.

இரண்டாவது திருகலின் சத்தத்தை அவன் போனில் கேட்டானா, நேரில் கேட்டானா என்று இன்றுவரை அவனுக்குத் தெரியாது. அந்தக் காது அன்றோடு போய்விட்டது.

இப்போது அவன் சொன்னால் எல்லோரும் கேட்கிறார்கள். கிடங்கு கிடங்காகக் கூட்டிப் போய்ப் பேசச் சொல்கிறார்கள். அவன் உள்ளே நுழைந்தால் பெரிய அதிகாரிகள் எழுந்து நிற்கிறார்கள். ஹாரன்களில் ஒயர் இருக்கிறது, பொத்தான்களில் பூட்டு இல்லை. மாப்பிள்ளை என்று யாரும் கூப்பிடுவதில்லை. கூப்பிடுவதற்கு அந்த உறவில் யாரும் மிச்சமில்லை.

டீக்கடை அக்கா மேட்டில் புதுக் கடை போட்டிருக்கிறாள். அவளுக்கு அவன் தெய்வம். "வாசம் வந்த நிமிஷமே எழுந்து, என் அடுப்பை அணைக்க வச்ச புண்ணியவான் இவர்தான்" என்று வருகிறவர்களிடமெல்லாம் காட்டுவாள். அவன் மறுப்பதில்லை. முதல் டீ முடிந்ததும், கேட்காமலே இன்னொன்றைக் கொண்டு வந்து முன்னால் வைப்பாள்.

"குடிங்க. அன்னைக்குப் பாதியிலேயே போட்டுட்டு ஓடினீங்க."

அவன் அதை எடுத்து, ஊதி ஊதி, கடைசிச் சொட்டு வரை குடிப்பான்.