மச்சான் பக்கம் கடிக்கும் மீன்

“கைப்போன எங்கடா வச்சிருந்த?”

“காடியில, மச்சான். வண்டிக்குள்ளயே வச்சுட்டு எறங்கிட்டேன்.”

“காடியில எதுக்கு?”

“மணி அடிச்சா மீன் கலைஞ்சிரும்னு…”

“நளினி எத்தன தடவ கூப்பிட்டான்னு தெரியுமா உனக்கு?”

“அப்புறந்தான் பாத்தேன். சும்மா காய்ச்சல்னு நெனச்சேன் மச்சான். டெங்கின்னு நான்…”

“இனிமே நீ எதையும் நெனைக்க வேணாம். அவள நான் பாத்துக்கிறேன். நீ போயி உன் மீனப் பாரு.”

மருத்துவமனை வராந்தாவில் தங்கை நளினியின் கணவன் லோகேஸ்வரனிடம் காளிதாசன் கடைசியாகப் பேசியது அவ்வளவுதான். அதற்குப் பிறகு ஒரு மழைக்காலம் வந்து போய்விட்டது. ஆனால் ஞாயிற்றுக்கிழமை காலையில் தூண்டில் கம்புகளை எடுத்துக் காரில் வைக்கும்போதெல்லாம் அந்தப் பேச்சு அவன் காதில் முதலிலிருந்து ஓட ஆரம்பித்துவிடும். லூனாஸ் வீட்டிலிருந்து சிடாம் கிரிக் குளத்துக்குப் போய்ச் சேருவதற்குள் உடம்பு முழுக்கக் கொதித்துப் போயிருக்கும்.

கொதிக்காமல் என்ன செய்யும்? அன்றைக்கு கோலா கெத்திலில் தங்கை வீட்டுக் கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளே போனவன் அவன். சமையலறைத் தரையில் சுருண்டு கிடந்தவளைத் தூக்கிக் காரில் போட்டவன் அவன். டாக்டர் ரத்தத்தில் தட்டணுக்கள் குறைந்துவிட்டன என்று சொன்னபோது தனியாக நின்று கேட்டவனும் அவன்தான். அவள் புருஷன் அந்த நேரத்தில் எங்கோ ஒரு குளத்தங்கரையில் உட்கார்ந்து மீனுக்குக் காவல் காத்திருந்தான்.

பிழைத்தெழுந்த தங்கையைக் காளிதாசன் நேரே தன் வீட்டுக்கு அழைத்து வந்தான். முதலில் உடம்பு தேறட்டும் என்றான். தேறியதும், கொட்டிய முடி வளரட்டும் என்றான். அதற்கப்புறம் அந்தப் பேச்சையே எடுக்கவில்லை. நளினியும் எடுக்கவில்லை. லோகேஸ்வரனோ, மச்சான் கூப்பிடாத வீட்டு வாசலில் எப்படிக் கால் வைப்பது என்று ஒதுங்கியே இருந்தான்.

ஆனால் ஹெர்பர்ட்டின் குளத்துக்கு மட்டும் தவறாமல் வந்தான்.

ஹெர்பர்ட்டின் குளம் காசு கட்டி மீன் பிடிக்கும் குளம். கரையைச் சுற்றிலும் தகரக் கூரை போட்ட சின்னச் சின்னக் குடில்கள். எத்தனையோ குடில்கள் காலியாகக் கிடக்க, லோகேஸ்வரன் காளிதாசனுக்கு அடுத்த குடிலில்தான் வந்து உட்காருவான். “காலை வணக்கம் மச்சான்” என்பான். பதில் வராது. அதை எதிர்பார்க்காதவன் போல உம்பான் என்கிற தூண்டில் இரையைப் பிசைய ஆரம்பிப்பான். கழுத்தில் பிளாஸ்டிக் உறைக்குள் கைபேசி தொங்கும்.

“என்னய்யா லோகேசு, மாட்டுக்கு மணி கட்டுன மாதிரி?” என்று ஹெர்பர்ட் கிண்டல் செய்வார்.

“இருக்கட்டும் அண்ணே. கேக்கணும்ல.”

‘இப்பக் கட்டிக்கிட்டு என்னத்துக்கு?’ என்று காளிதாசனுக்குப் பற்றிக்கொண்டு வரும்.

அதைவிடப் பெரிய எரிச்சல், மீன் எல்லாம் அவன் பக்கம் போவது. காளிதாசனுக்கு நாளெல்லாம் உட்கார்ந்தாலும் ஒரு திலாப்பியா. பக்கத்துக் குடிலிலோ ரோகு ரோகுவாக வரும். கைக்குழந்தையைப் போல இரண்டு கையாலும் ஏந்தித் தூக்க வேண்டிய ரோகு. லோகேஸ்வரன் வைத்திருப்பதோ பிடியில் கறுப்பு டேப் சுற்றிய பழைய கம்பு.

காளிதாசன் முதலில் தன் கம்பைச் சந்தேகித்தான். அது பாத்தின் மீனுக்கென்று வாங்கிய முரட்டுக் கம்பு. ரோகு வெடுக்கென்று கவ்வும் ஜாதியில்லை. உதட்டால் உறிஞ்சி உறிஞ்சிப் பார்க்கும். அந்த நடுக்கத்தை முரட்டுக் கம்பு காட்டாது. கூலிம் டவுனுக்குப் போய், நுனி மட்டும் நாணலாக வளையும் கம்பாகப் பார்த்து வாங்கி வந்தான். அடுத்த வாரம் தூண்டில் நூலான தங்கூசியை மாற்றினான். தடித்த நைலான் தண்ணீரில் நிழல் காட்டும் என்று கடைக்காரன் சொல்ல, தையல் நூல் கனத்தில் பின்னல் நூல் சுற்றினான். அதற்கடுத்த வாரம் முள்ளைச் சின்னதாக்கினான். காற்று எந்தக் கரைக்கு இரையைத் தள்ளுகிறது என்று பார்த்து எதிர்க்கரைக்குக் குடில் மாறினான். லோகேஸ்வரனும் எழுந்து, பெட்டியைத் தூக்கிக்கொண்டு, அடுத்த குடிலுக்கு வந்து சேர்ந்தான். மீனும் கூடவே வந்து சேர்ந்தது.

“கல்யாணத்துக்கு எனக்குச் சேல எடுக்கறப்பக்கூட இத்தன தடவ கடைக்குப் போகல இந்த மனுஷன்” என்று அவன் மனைவி உமாராணி நாத்தனாரிடம் சொல்வாள். “மூள ரோசாக் ஆயிருச்சு, கெட்டே போச்சு உங்க அண்ணனுக்கு.”

“நீ வாய மூடுலா” என்பான் காளிதாசன். “அந்தப் பய ஏதோ வித்த பண்றான். அவன ஜெயிக்காம நான் விடப்போறதில்ல.”

அண்ணன் குளத்திலிருந்து வந்து கத்துவதையெல்லாம், எத்தனை மீன், எந்த நேரம், என்ன கனம் என்று ஒன்று விடாமல், நளினி பாத்திரம் கழுவிக்கொண்டே கேட்டுக்கொள்வாள்.

அந்த ஞாயிறு காளிதாசன் வேறொரு திட்டத்தோடு வந்திருந்தான். போன வாரம் மாட்டிய ஒரே ரோகுவும் நூலை உருவிக்கொண்டு ஓடி, தண்ணீருக்குக் காற்றூட்டும் சக்கரத்தின் கயிற்றில் சுற்றி அறுத்துக்கொண்டு போய்விட்டது. அதனால் இந்தத் தடவை ரீலைத் திருகி இறுக்கமாக வைத்தான். ஒரு முழம் நூல்கூட உருவ விடக்கூடாது.

“இவ்வளவு இறுக்காதீங்க மச்சான்” என்றான் பக்கத்துக் குடிலிலிருந்து லோகேஸ்வரன். “ரோகு மொத ஓட்டம் ஓடட்டும். தடுத்தீங்கன்னா கம்பையே இழுத்துக்கிட்டுப் போயிரும்.”

“நான் உன்கிட்டப் பாடம் கேட்டனா?”

“இல்ல மச்சான்.”

“அப்ப உன் வேலையப் பாரு.”

லோகேஸ்வரன் தன் வேலையைப் பார்த்தான். மதியத்துக்குள் மூன்று ரோகு ஏற்றிவிட்டான். மூன்றாவதைக் கைவலையில் அள்ளும்போது ஹெர்பர்ட்டே எழுந்து கை தட்டினார்.

“காளி, உன் பக்கத்துத் தண்ணியில மீனு இல்லையா, இல்ல உன் மூஞ்சியப் பாத்துட்டு ஓடிருதா?”

அவ்வளவுதான். காளிதாசன் கம்பைத் தாங்கியில் அப்படியே விட்டுவிட்டு எழுந்தான். மூன்றே எட்டில் பக்கத்துக் குடிலுக்குப் போய், லோகேஸ்வரன் கால்மாட்டில் இருந்த உம்பான் டப்பாவைப் பறித்தான்.

“என்ன மருந்துடா கலக்குற? இன்னிக்குப் பாத்துர்றேன்!”

“மச்சான், வேணாம். குடுங்க மச்சான்…”

டப்பாவைத் திறந்து மூக்கருகே கொண்டு போனவன் அப்படியே நின்றுவிட்டான். வறுத்த தேங்காய். வறுத்து இடித்த வேர்க்கடலை. பண்டான் இலை. எல்லாவற்றுக்கும் மேலே, மூக்கில் ஏறுகிற சோம்பு. நேற்றுக் காலையில் அவன் குளித்துவிட்டு வந்தபோது அவன் வீட்டுச் சமையலறையில் அடித்த வாசனை. “என்னடி வறுக்கறீங்க?” என்று கேட்டதற்கு “தேங்காய்ப் பொடி” என்றாள் உமாராணி. சனிக்கிழமை தவறாமல் தேங்காய்ப் பொடி வறுக்கிறார்களே, அது ஏன் சாப்பாட்டுத் தட்டுக்கு வருவதே இல்லை என்று இவ்வளவு நாளும் அவனுக்குக் கேட்கத் தோன்றவில்லை.

“யாரு குடுத்தா?”

லோகேஸ்வரன் டப்பாவின் மூடியைக் கீழிருந்து எடுத்துத் துடைத்தான்.

“யாரு குடுத்தான்னு கேக்குறேன்!”

“நான் சொன்னா நீங்க வீட்டுக்குப் போயி அவளத் திட்டுவீங்க. எதுவா இருந்தாலும் என்னையே திட்டுங்க மச்சான்.”

“என் வீட்டு அடுப்புல வறுத்து, என் வீட்டு உரல்ல இடிச்சு, என்னையே தோக்கடிக்கறீங்களா எல்லாரும் சேந்து? நான் என்னடா, கேனப்பயலா? வாராவாரம் கம்ப மாத்து, நூல மாத்துன்னு…”

“காளி! கம்பு, கம்பு!” என்று ஹெர்பர்ட் அலறினார்.

திரும்புவதற்குள் காரியம் முடிந்துவிட்டது. புதுக் கம்பு தாங்கியிலிருந்து குதித்து, பிடி கரையில் உராய, தண்ணீருக்குள் போய்விட்டது. இறுக்கின ரீல் ஒரு சுற்றுக்கூட இளகவில்லை. கம்பின் அடிப்பகுதி மட்டும் நீரைக் கிழித்துக்கொண்டு குளத்தின் நடுவுக்குப் போனது.

லோகேஸ்வரன் ஒரு நொடி யோசிக்கவில்லை. தன் நூலில் பெரிய ஈயக் குண்டைக் கோத்தான்; ஓடும் கம்புக்கு அப்பால் வீசினான்; மெல்ல இழுத்தான். வெறும் முள் வந்தது. மறுபடி வீசினான். வெறும் முள். அடுத்த வீச்சில் முள் எதிலோ மாட்டியது. கரையோரமாக நடந்து நடந்து, மீன் ஓடினால் விட்டும் நின்றால் சுற்றியும், பழைய கம்பு உடைந்துவிடுமோ என்னும் அளவுக்கு வளைய, புதுக் கம்பைக் கரைக்குக் கொண்டுவந்து சேர்த்தான். முட்டி வரை சேற்றில் இறங்கி அதை எடுத்து, ரீலைக் கொஞ்சம் தளர்த்தி, இரண்டு கையாலும் நீட்டினான்.

“மீனு இன்னும் இருக்கு மச்சான். பெரிய ரோகு. நீங்களே ஏத்துங்க.”

அந்த மரியாதைதான் காளிதாசனுக்குப் பொறுக்கவில்லை. அவன் ஏளனமாகச் சிரித்திருந்தால் ஓர் அறை விட்டுவிட்டு நிம்மதியாக இருந்திருப்பான். கம்பை வாங்கினான். இடுப்புக் கத்தியை எடுத்து நூலை அறுத்துவிட்டான். குளத்தில் ஒரு பெரிய வளையம் எழும்பி அடங்கியது.

“டேய், மீனு என்னடா பாவம் பண்ணுச்சு? வாயில முள்ளோட அலையுமேடா!” என்று ஹெர்பர்ட் பின்னால் கத்திக்கொண்டே இருந்தார். காளிதாசன் பெட்டியைக்கூட எடுக்கவில்லை. கார்க் கதவை அறைந்து சாத்தினான்.

வழியெல்லாம் வார்த்தைகளைக் கூர் தீட்டிக்கொண்டே வந்தான். வீட்டுக்குள் நுழைந்ததும் செருப்பைக்கூடக் கழற்றவில்லை.

“உமா! நளினி! ரெண்டு பேரும் வாங்க இங்க!”

சமையலறையில் உமாராணி மீன் சம்பாலைக் கிளறிக்கொண்டிருந்தாள். நளினி வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தாள். அவன் முகத்தைப் பார்த்ததுமே இரண்டு பேருக்கும் புரிந்துவிட்டது.

“நான்தாங்க குடுத்தேன்” என்று உமாராணி முந்திக்கொண்டாள். “சனிக்கெழம பாசார்ல மீன் கடைகிட்ட வந்து நிப்பாரு. டப்பாவ வாங்குவாரு. ‘நல்லா இருக்காளாக்கா’ன்னு ஒரு வார்த்த. அதோட சரி. அதுக்கு மேல ஒன்னு இல்ல.”

“நீ பேசாத! உன்ன நான் அப்புறம் பாத்துக்கறேன். நளினி, நீ சொல்லு. சாவக் கெடந்தியே, அந்த நேரத்துல அவனுக்கு மீனு பெரிசாப் போச்சு. அந்த மீனுக்கே நீ எர செஞ்சு அனுப்புற. வெக்கமா இல்ல?”

நளினி வெங்காயத்தைக் கீழே வைத்தாள். இந்த வீட்டுக்கு வந்த நாளிலிருந்து குரல் உயர்த்தாதவள், அன்று உயர்த்தினாள்.

“அவரு ஜெயிக்கணும்னு அனுப்பல. அவரு வெறுங்கையோட ஒக்காந்திருந்தா நீங்க அந்தப் பக்கம் திரும்பிக்கூடப் பாத்திருக்க மாட்டீங்க. மீன் புடிச்சாத்தான் பாப்பீங்க. கோவமாவாச்சும் ரெண்டு வார்த்த பேசுவீங்க. அதுக்குத்தான் அனுப்புனேன்.”

“அவன்கிட்டப் பேசுறதுக்கு எனக்கு என்ன இருக்கு? அவன் பண்ணத நீ மறந்துட்ட. நான் மறக்கல!”

“நானா மறந்தேன்? தரையில கெடந்தது நானா நீங்களா? தண்ணி எடுக்க எந்திரிக்க முடியாம, போன அழுத்தி அழுத்தி விரல் மரத்துப் போனது யாருக்கு?” அவள் கண்ணில் வெங்காயமா வேறெதுவா என்று தெரியவில்லை, துடைக்கவும் இல்லை. “அது என் கோவம்ண்ணே. அவரு சட்டையப் புடிச்சு நான்தான் கேக்கணும். நீங்களே கேட்டு, நீங்களே தீர்ப்பும் சொல்லி, என்னையும் தூக்கி உள்ள வச்சிட்டீங்க. அவரோட சண்ட போடறதுக்குக்கூட எனக்கு வழியில்லாமப் போச்சு.”

தீட்டி வைத்திருந்ததையெல்லாம் விட்டுவிட்டு, காளிதாசன் ஆத்திரத்தில் எது வந்ததோ அதைச் சொன்னான்.

“அப்பப் போக வேண்டியதுதான? உன்ன யாரு கட்டி வச்சா? கிராப் டாக்சியக் கூப்பிட்டா வாசல்ல வந்து நிக்கும்!”

“என்னங்க பேச்சு இது?” என்றாள் உமாராணி.

“நிக்கும்” என்றாள் நளினி. “எத்தனையோ நாள் போன எடுத்திருக்கேன். ஏறிப் போயிருவேன். அவரும் கதவத் தெறந்து விட்டுருவாரு. அப்புறம்? உங்கள எனக்குத் தெரியாதாண்ணே? தீபாவளிக்குக் கூப்பிட மாட்டீங்க. ஒரு நல்லது கெட்டதுன்னா ஆள்விட்டுச் சொல்லி அனுப்புவீங்க. அப்பா போனப்புறம் எனக்குப் பொறந்த வீடுன்னு இருக்கறது இது ஒன்னுதான். அதத் தொலைச்சிட்டு நான் எங்கயும் போக மாட்டேன்.”

அடுப்பில் சம்பால் தீய ஆரம்பித்தது. உமாராணி கையை நீட்டி அணைத்தாள். காளிதாசன் கார்ச் சாவியை இன்னும் கைக்குள் இறுக்கிக்கொண்டு நின்றான். சேற்றுச் செருப்பின் தடம் வாசலிலிருந்து அவன் கால் வரை நீண்டு கிடந்தது. நளினி அதை மிதிக்காமல் சுற்றி வந்து, அவனுக்கு நேர் எதிரே நின்றாள். குரல் இப்போது இறங்கியிருந்தது.

“என்னைய நீங்களே கூட்டிக்கிட்டுப் போயி அவரு வீட்டுல விடுங்கண்ணே.”